வேலைக்குள்ளேயே இறைநினைவு: அன்றாடப் பணிகளில் கடவுளை உணர ஒரு முழுமையான வழிகாட்டி

காலையில் கும்பிட்டோ தொழுதோ ஜெபித்தோ எழுந்திருக்கிறோம். அடுத்த கால் மணி நேரத்தில் கடவுள் நினைப்பு எங்கே போனதென்றே தெரிவதில்லை. இரவு படுக்கையில் சாயும்போதுதான் மறுபடி ஞாபகம் வருகிறது. நடுவில் ஓடிய பதினைந்து மணி நேரமும் அவருக்குச் சம்பந்தமே இல்லாத நேரம்போலக் கழிந்துவிடுகிறது. பக்தி இல்லாதவர்களுக்கு இது ஒரு குறையாகவே படாது. உள்ளவர்களுக்குத்தான் உறுத்தும்.

இதைச் சரிசெய்யப் பலரும் எடுக்கும் முதல் முயற்சி, "நாளையிலிருந்து நாள் முழுக்க அவரையே நினைத்துக்கொண்டிருப்பேன்" என்ற சங்கல்பம். அது பெரும்பாலும் மத்தியானத்தைத் தாண்டாது. ஒரே எண்ணத்தை மணிக்கணக்கில் பிடித்து வைக்க மனத்துக்கு வராது. கை வேறொரு வேலையில் இருக்கும்போது சுத்தமாக வராது. தோற்றவர் தன் பக்தியில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி விட்டுவிடுகிறார். கோளாறு முறையில்தான் இருக்கிறது.

இங்கே சொல்லப்போகும் முறை வேலையின் நடுப்பகுதியோடு மல்லுக்கட்டாது. வேலை தொடங்கும் இடம், ஒன்று முடிந்து அடுத்தது பிறக்கும் இடுக்கு, வேலை முடியும் இடம் ஆகிய மூன்றில் இறைவனைச் சேர்க்கிறோம். நடுவில் உள்ள நேரத்துக்கு அந்த வேலையை ஒழுங்காகச் செய்வதே போதும்.

புது யோசனை ஒன்றுமில்லை இது. போர்க்களத்தில் நின்ற அர்ஜுனனுக்குக் கண்ணன் சொன்னது, என்னை நினைப்பதையும் விடாதே, போரையும் விடாதே என்பதுதான். 7ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் உழவாரத்தைக் கையில் பிடித்துக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸுக்கு அந்த வேலை இயல்பிலேயே பிடிக்காது. ஆனாலும் அடுப்படியிலும் ஆலயத்திலும் ஒரே மாதிரி இறைவனோடு இருக்கப் பழகிக்கொண்டார். யூத மரபு ஒரு நாளைக்கு 100 ஆசிமொழி சொல்லச் சொல்கிறது. கழிப்பறை போய்வந்த பிறகு சொல்லவும் அதில் ஒன்று உண்டு. உடம்பின் துளைகளும் நாளங்களும் திறக்க வேண்டிய இடத்தில் திறந்து, மூட வேண்டிய இடத்தில் மூடியிருப்பதற்கான நன்றி அது. எந்தச் செயலும் இறைவனுக்கு வெளியே இல்லை என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

தொடங்கும் முன்: ஒரு சொல், ஒரு வாக்கியம்

இரண்டு கருவிகள் கையில் இருக்க வேண்டும்.

முதலாவது, ஒரு சிறிய அழைப்பு. உங்கள் இறைவனின் நாமமாக இருக்கலாம், மந்திரமாக, திக்ராக (இஸ்லாமிய இறைநினைவுச் சொல்), மனவல்லய ஜெபமாக (கிறிஸ்தவர்களின் ஒருவரி ஜெபம்) இருக்கலாம். ஒரே மூச்சில், அவசரப்படாமல் சொல்லி முடிகிற நீளம் போதும். எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த பழைய கிறிஸ்தவத் துறவிகள், விவிலியத்தின் சங்கீதப் பாடல்களில் ஒரே ஒரு அடியை, உதவி செய்ய விரைந்து வரும்படி கேட்கும் அடியை, எல்லா வேலைக்கும் எல்லா நேரத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். அதில் உள்ள சூட்சுமம், அது கடவுளைப் பற்றிய வாக்கியமாக இல்லாமல் கடவுளிடம் பேசும் வாக்கியமாக இருப்பது. "கடவுள் நல்லவர்" என்பது ஒரு கருத்து. மனம் அதை ஒப்புக்கொண்டு நகர்ந்துவிடும். "ஆண்டவரே, கூட இரும்" என்று சொல்லும்போது எதிரில் ஒருவர் இருக்கிறார். உங்கள் மரபில் ஏற்கெனவே வாயில் பழகிய ஒன்றையே எடுங்கள். புதிதாக ஒன்றைத் தேடி அலைவதும், வாரத்துக்கு ஒன்றாக மாற்றுவதும் வேரை அசைக்கும். குறைந்தது மூன்று மாதம் அதே சொல்.

இரண்டாவது, ஒப்படைக்கும் வாக்கியம். வேலை தொடங்குமுன் சொல்வது. அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: என்ன வேலை, யாருக்குப் பயன், பலன் யாருடையது. "இந்தச் சம்பளப் பட்டியலைப் போடப்போகிறேன். நாற்பது குடும்பங்களுக்கு இது சரியாகப் போய்ச் சேர வேண்டும். உமது வேலையாகச் செய்கிறேன், முடிவு உம்முடையது." இவ்வளவுதான். "எல்லாம் உனக்கே" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது நாலு நாளில் வெறும் ஓசையாகிவிடும். வேலையின் பெயரும் மனிதர்களின் முகமும் வாக்கியத்துக்குள் வரும்போதுதான் மனம் அதில் ஒட்டும்.

படி 1: ஒரே ஒரு வேலை

முதல் மூன்று வாரத்துக்கு ஒரு வேலையை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதற்குச் சில தகுதிகள் வேண்டும். தினமும் நடக்கிற வேலையாக இருக்க வேண்டும். ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டும். கைதான் அதிகம் உழைக்க வேண்டும், மூளை அதிகம் வேண்டியிருக்கக் கூடாது. யாரும் குறுக்கே பேச வராத நேரமாக இருந்தால் நல்லது. வீடு பெருக்குவது, துணி மடிப்பது, பாத்திரம் கழுவுவது, குளிப்பது, பேருந்து நிறுத்தம் வரை நடப்பது எல்லாம் பொருந்தும். உங்களுக்கு மிகவும் பிடித்த வேலையை எடுக்காதீர்கள்; அந்த மகிழ்ச்சியையே இறையனுபவம் என்று எண்ணிக்கொள்வோம். அறவே வெறுக்கும் வேலையும் வேண்டாம். அது பிறகு.

பாத்திரம் கழுவுவதை எடுத்துக்கொள்வோம். கைபேசி அடுத்த அறையில். பாட்டு, பேச்சு எதுவும் ஓடக் கூடாது. தொட்டிக்கு முன்னால் இரண்டு காலிலும் சமமாக எடை இறங்க நில்லுங்கள். தோளைத் தளர்த்துங்கள். குழாயைத் திறப்பதற்கு முன், குழாயில் கை வைத்த நிலையிலேயே ஒப்படைக்கும் வாக்கியம். இந்தத் தட்டில் அடுத்து யார் சாப்பிடப்போகிறார்கள் என்பது தெரியும்; அவரை ஒரு கணம் நினையுங்கள். பிறகு தண்ணீர். அது கையில் படும் முதல் நொடியில் அழைப்பைச் சொல்லுங்கள், மனத்துக்குள். அதன்பின் தேய்ப்பதில் இறங்கிவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு எங்கே நிற்கிறது, விளிம்பின் அடிப்பக்கம் சுத்தமாயிற்றா, கைப்பிடி பொருத்திய இடத்தில் கறை ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்து அடுத்ததை எடுக்கும்போது மறுபடி ஒரு அழைப்பு. இருபது பாத்திரம் என்றால் இருபது முறை. நடுவில் மனம் நேற்றைய சண்டைக்குப் போயிருக்கும். போனது தெரிந்த நொடியில் தன்னைத் திட்டாமல், அந்தச் சண்டையையும் ஒரு வரியில் அவரிடம் சொல்லிவிட்டு, கையில் இருக்கும் பாத்திரத்துக்கு வாருங்கள். கடைசியில் தொட்டியைத் துடைத்து, துணியைப் பிழிந்து காயப் போட்டு, ஒரு மூச்சு நின்று, நன்றி. பிறகு நகருங்கள்.

இதில் எந்த இடத்தில் உணர்ச்சி பொங்க வேண்டும் என்று கேட்டால், எந்த இடத்திலும் அவசியமில்லை. பொங்கினால் நல்லது, பொங்காவிட்டாலும் பயிற்சி முழுமையாக நடந்துவிட்டது. மூன்றாவது வாரத்தில் நீங்கள் கவனிக்க வேண்டிய அடையாளம் வேறு: குழாயில் கை வைக்கும்போது நீங்கள் முயலாமலே அழைப்பு எழுகிறதா? எழ ஆரம்பித்தால் அடுத்த படிக்குப் போகலாம். எழவில்லை என்றால் இன்னும் இரண்டு வாரம் இதிலேயே இருங்கள்.

படி 2: மூன்று தூண்டுகோல்கள்

நினைவு வர வேண்டும் என்று நினைத்தால் வராது. ஒரு பொருளோ செயலோ அதை எழுப்பிவிட வேண்டும். தினமும் பலமுறை நடக்கும் செயல்களில் மூன்றை மட்டும் பிடித்து, "இது நடந்தால் அது" என்று கட்டுங்கள். கதவின் கைப்பிடியைத் தொட்டால் அழைப்பு. தண்ணீர் குடிக்கத் தம்ளரை எடுத்தால் நன்றி. நாற்காலியில் உட்கார்ந்தால் ஒப்படைப்பு. இஸ்லாமிய மரபில் உண்பது, குடிப்பது, வீட்டுக்குள் நுழைவது என ஒவ்வொன்றையும் பிஸ்மில்லாஹ்வோடு (அல்லாஹ்வின் பெயரால்) தொடங்கச் சொல்வதில் இந்த நுட்பம் முழுதாக அடங்கியிருக்கிறது: செயலே நினைவூட்டும் மணி.

கைபேசியில் மணிக்கு ஒரு அலாரம் வைப்பதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. அது அடிக்கும் நேரத்தில் நீங்கள் யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பீர்கள்; அணைத்துவிடுவீர்கள். நாலு நாள் அணைத்தால் கை தானாக அணைக்கப் பழகிவிடும். அதோடு கைபேசியை எடுத்த கையோடு வேறு எதையாவது பார்க்கத் தொடங்குவதும் நடக்கும். சுவரில் ஒட்டும் சீட்டும் அப்படித்தான். ஒரு வாரத்தில் கண் அதைச் சுவரின் பகுதியாகவே பார்க்கத் தொடங்கிவிடும். கதவின் கைப்பிடிக்கு அந்தக் குறை இல்லை. அதைத் தொடாமல் உள்ளே போக முடியாது.

எத்தனை நாள் ஆகும் என்ற கேள்விக்கு ஒரு உருப்படியான அளவு உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பழக்கம் உருவாவதை ஆராய்ந்தார்கள். 2010இல் அச்சான அந்த ஆய்வில், ஒரு செயல் தன்னிச்சையாக நடக்க நடுமதிப்பாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. அவர்கள் பார்த்தது சாப்பாடு, குடிநீர், உடற்பயிற்சி போன்ற பழக்கங்களை, பக்தியை அளக்கவில்லை. ஆனால் தம்ளரைத் தொட்டால் நாமம் எழுவது என்ற வெளிப் பழக்கத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தும். ஆக, இரண்டு வாரத்தில் வரவில்லையே என்று கலங்க வேண்டாம். 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்ற பிரபலமான கணக்கை நம்பி ஏமாறவும் வேண்டாம்.

மூன்றுக்கு மேல் தூண்டுகோல் வைத்தால் எதுவும் நிற்காது. ஆர்வத்தில் பத்து வைப்பவர்கள் ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் கைவிடுவதைத்தான் மீண்டும் மீண்டும் பார்க்கிறோம்.

படி 3: இடுக்குகள்

ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் எப்போதும் ஒரு இடுக்கு இருக்கிறது. அலுவலகக் கோப்பு ஒன்றை மூடி அடுத்ததை எடுக்கும் இடம், பேசி முடித்துக் கைபேசியைக் கீழே வைக்கும் இடம், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும் இடம். இவ்விடங்களை இப்போது நாம் கைபேசிக்குக் கொடுத்துவிட்டோம். திரும்ப வாங்க வேண்டும்.

ஒரு வேலையை விட்டு அடுத்ததற்குத் தாவும்போது முந்தைய வேலையின் மிச்சம் கவனத்தில் ஒட்டிக்கொண்டே வருகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார். முந்தையது அரைகுறையாக நின்றிருந்தால் ஒட்டுவது இன்னும் அதிகம். இடுக்கில் செய்யும் பயிற்சி அந்த மிச்சத்தை இறக்கி வைக்கும் இடமாகவும் ஆகிறது. மூன்று மூச்சுதான், ஏறக்குறைய பதினைந்து விநாடி:

முதல் மூச்சு: முடிந்ததை விடுவது. "இந்த அளவுக்குச் செய்தேன். மீதி உம்மிடம்." சரியாக வரவில்லை என்றால் சரியாக வரவில்லை என்றே சொல்லுங்கள்.

இரண்டாவது மூச்சு: அழைப்பு மட்டும். வேறு எதுவும் வேண்டாம்.

மூன்றாவது மூச்சு: அடுத்த வேலையின் பெயரும் அதன் பயன் போய்ச் சேரும் மனிதரும்.

மூச்சை இழுத்துப் பிடிக்கவோ நீட்டவோ வேண்டாம். அது எப்படி ஓடுகிறதோ அப்படியே ஓடட்டும். பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் ஏதோ செய்கிறீர்கள் என்றே தெரியக் கூடாது. கண்ணை மூட வேண்டியதில்லை. ஒரு நாளில் நான்கு இடுக்கு பிடித்தால் தொடக்கத்துக்குப் போதும்.

காத்திருக்கும் நேரம் இதைவிடப் பெரிய வரம். வரிசை, போக்குவரத்து விளக்கு, மின்தூக்கி, மருத்துவர் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சு. எரிச்சல் எழும் இடம் எதுவோ அதுவே தூண்டுகோல் என்று வைத்துக்கொண்டால் நாளில் அரை மணி நேரம் சும்மா கிடைக்கும். வரிசையில் முன்னால் நிற்பவர்களுக்காக ஆளுக்கு ஒரு வேண்டுதல் என்று போனால் முறை வருவதே தெரியாது.

படி 4: வேலையின் வகை பார்த்து முறையை மாற்றுதல்

பலர் தடுமாறும் இடம் இதுதான். எல்லா வேலைக்கும் ஒரே முறையைப் பொருத்தப் பார்க்கிறார்கள். பெருக்கும்போது ஜபம் ஓடியதே, கணக்குப் பார்க்கும்போது ஏன் ஓடவில்லை என்று குழம்புகிறார்கள். ஓடாது. ஓடவும் கூடாது.

கை மட்டும் ஓடும் வேலைகளில் அழைப்பைத் தொடர்ந்து சொல்லலாம். அசைவோடு சேர்த்தால் எளிது: நடையில் நான்கு அடிக்கு ஒருமுறை, துடைப்பத்தின் வீச்சுக்கு ஒருமுறை, துணியின் மடிப்புக்கு ஒருமுறை. வாய் விட்டுச் சொல்ல முடிந்தால் முதலில் வாய் விட்டு, பிறகு உதட்டளவில், பிறகு மனத்துக்குள். தூக்கம் வந்தால் மறுபடி வாய்க்கு வாருங்கள்.

பாதிக் கவனம் கேட்கும் வேலைகளில், அதாவது சமைப்பது, பொருள் அடுக்குவது, வந்த கடிதங்களைப் பிரிப்பது போன்றவற்றில், தொடர் ஜபம் இரண்டையும் கெடுக்கும். உப்பு இரண்டு தரம் விழும். ஒவ்வொரு உட்படியின் முனையிலும் ஒருமுறை சொன்னால் போதும்: நறுக்கி முடித்ததும், அடுப்பைப் பற்ற வைக்கும்போது, இறக்கி வைக்கும்போது.

முழுக் கவனம் கேட்கும் வேலைகள் உண்டு. வண்டி ஓட்டுவது, இயந்திரத்தில் நிற்பது, மருந்து அளப்பது, கணக்கு சரிபார்ப்பது, குழந்தையைத் தண்ணீர் அருகே பார்த்துக்கொள்வது. இவற்றின் நடுவில் ஜபம் வேண்டாம், மாலை உருட்ட வேண்டாம். தொடங்குமுன் ஒப்படைப்பு, முடிந்தபின் நன்றி, நடுவில் வேலை மட்டும். மருந்து அளக்கும் செவிலியரின் கண் அளவுக்கோட்டை விட்டு விலகாமல் இருப்பதுதான் அந்த நேரத்தின் வழிபாடு. நோயாளியின் உயிரை நம்மிடம் தந்தவரை மதிக்கும் விதம் அது. இதை மனம் ஏற்க மறுக்கும். கடவுளை மறந்துவிட்டோமே என்று உறுத்தும். ஒப்படைத்துவிட்டுச் செய்த வேலை முழுக்க அவருடைய கணக்கில்தான் இருக்கிறது. நடுவில் ஞாபகம் வரவில்லை என்பதால் அது கைமாறிவிடாது.

ஒப்படைக்கும் வாக்கியத்துக்கு இன்னொரு பலன் உண்டு. அது சில வேலைகளில் தொண்டையில் சிக்கும். அளவில் குறைத்துப் போடும் பொட்டலத்தையும், இல்லாத செலவைக் காட்டும் ரசீதையும், ஒருவர் பெயரைக் கெடுக்க எழுதும் கடிதத்தையும் "உமது வேலையாகச் செய்கிறேன்" என்று சொல்லித் தொடங்க முடியாது. சிக்கினால் வாக்கியத்தை விட்டுவிட்டு வேலையைத் தொடராதீர்கள். வேலையைத் திருத்துங்கள். அது உங்கள் கையில் இல்லை, மேலிடத்து உத்தரவு என்றால், அன்றைக்கு அந்தச் சிக்கலையே அவரிடம் வையுங்கள். யாரிடம் பேச வேண்டும் என்று யோசியுங்கள். இந்தப் பயிற்சியை மன அமைதிக்காக மட்டும் தொடங்குபவர்கள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். அமைதியை விட இது முக்கியம் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

படி 5: மனிதர்கள்

பாத்திரத்தோடு இறைநினைவாக இருப்பது சுலபம். அது திருப்பிப் பேசாது. குறைந்தது இரண்டு மாதம் மற்ற படிகளில் பழகிய பிறகே இங்கே வாருங்கள்.

ஒருவர் கோபமாகக் கைபேசியில் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் பெயர் தெரிந்ததுமே வயிறு இறுகும். அந்த இறுக்கம்தான் இங்கே தூண்டுகோல். எடுப்பதற்கு முன் இரண்டு மணி ஒலிக்கட்டும். முதல் ஒலியில் அழைப்பு. இரண்டாவதில், "இவரும் உம்முடையவர்." பிறகு எடுங்கள். அவர் பேசும்போது ஜபம் செய்யாதீர்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் கவனம் முழுதும் அவருக்குப் போவதுதான் இப்போது பணி. அவர் நிறுத்தியதும் உடனே பதில் சொல்லாமல் ஒரு மூச்சு. அந்த மூச்சில் அழைப்பு. பிறகு, "நீங்கள் சொல்வது இதுதானே" என்று அவர் வார்த்தையிலேயே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு உங்கள் தரப்பைச் சொல்லுங்கள். பேசி முடித்துக் கைபேசியை வைத்ததும் மூன்று மூச்சு. இங்கே முதல் மூச்சில் இறக்கி வைக்க நிறையவே இருக்கும்.

வீட்டார் பேசும்போது கண் எங்கோ நிலைத்து உதடு அசைந்துகொண்டிருந்தால் அவர்களுக்கு வரும் எரிச்சல் நியாயமானது. எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதரை விட்டுவிட்டுக் கடவுளிடம் போக வழி இல்லை. நீங்கள் செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால், அதை இறைவனிடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். அந்த மனிதரிடமும் போய்க் கேளுங்கள்.

படி 6: இரவுக் கணக்கு

இது இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நீடிக்காது. ஐந்து முதல் ஏழு நிமிடம். படுக்கையில் சாய்ந்தபின் செய்தால் பாதியில் தூங்கிவிடுவீர்கள், உட்கார்ந்து செய்யுங்கள்.

இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் வகுத்த ஆன்ம சோதனைக்கு ஐந்து கட்டம்: நன்றி, ஒளி கேட்பது, நாளைப் பின்னோக்கிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். எந்த மதத்தவரும் இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வரிசைக்குக் காரணம் உண்டு. நன்றி முதலில் வராவிட்டால் சோதனை முழுக்கக் குற்றப்பத்திரிகையாகிவிடும். ஒளி கேட்காமல் பார்த்தால் நம் கண்ணுக்குப் பிடித்ததையே பார்ப்போம்.

பின்னோக்கிப் பார்க்கும்போது காலை முதல் மணிவாரியாகப் போங்கள். ஒப்படைத்த வேலை எது, ஒப்படைக்காமல் பாய்ந்தது எது, இரண்டுக்கும் செய்த விதத்தில் வேறுபாடு தெரிந்ததா என்று கேளுங்கள். தீர்மானம் ஒன்றே ஒன்று, மிகச் சிறியது, இடம் குறித்தது: "நாளை மேலாளர் அறைக்குப் போகும் முன் கதவின் கைப்பிடியில்."

இஞ்ஞாசியார் ஒரு குறிப்பிட்ட தவறைத் திருத்த விரும்புவோருக்கு நாளுக்கு இரண்டு கோடு போட்டு, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள்: நினைவு வந்த தடவைகளுக்கு மட்டும் புள்ளி. மறந்தவற்றை எண்ண முடியாது. எண்ணினால் மனம் சோரும். பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் 1930இல் பணியாற்றிய ஃபிராங்க் லாபக் என்ற பிராட்டஸ்டன்ட் ஊழியர் ஒவ்வொரு நிமிடமும் இறைவனை ஒரு கணமாவது நினைப்பது என்று முயன்றார். தோற்ற நாள்களையும் மறைக்காமல் எழுதினார். நிமிடம் எண்ணுவது சிலருக்கு விளையாட்டுபோல உற்சாகம் தரும். எதையும் கறாராகப் பார்க்கும் சுபாவம் உள்ளவர்களுக்கு அது சித்திரவதை. உங்கள் சுபாவம் உங்களுக்குத் தெரியும்.

எங்கே கெடுகிறது, ஏன்

*இயந்திரமாகிவிடுகிறது.* நாமம் ஓடுகிறது, மனம் இல்லை. இது எல்லோருக்கும் வரும். எண்ணிக்கையைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். எண்ணிக்கையைப் பாதியாக்கி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நொடி நிறுத்துங்கள். ஒப்படைக்கும் வாக்கியத்தில் மனிதரின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் உதிர்ந்திருக்கும்.

*தலைவலி, நெற்றியில் இறுக்கம்.* நினைவைக் கண்களாலும் நெற்றியாலும் பிடிக்கிறீர்கள். அல்லது மூச்சோடு பலவந்தமாகக் கட்டுகிறீர்கள். மூச்சை விட்டுவிட்டு, கையின் அசைவோடு மட்டும் சேர்த்துப் பாருங்கள். இறுக்கம் இருக்கும் வரை தொடர் ஜபத்தை நிறுத்தி இடுக்குகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

*வேலையில் பிழை கூடுகிறது.* முழுக் கவன வேலையின் நடுவில் ஜபத்தை நுழைத்திருக்கிறீர்கள். படி 4க்குத் திரும்புங்கள்.

*பயம்.* ஒரு நாமம் தவறினால் கெட்டது நடக்கும், சரியாக உச்சரிக்கவில்லை, மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எழுந்தால் பயிற்சியை உடனே குறையுங்கள். இது பக்தியின் தீவிரம் என்று தோன்றும். ஆனால் பயமும் கட்டாயமும் மன உபாதையின் அறிகுறியாக இருக்கலாம். அனுபவமுள்ள குருவிடமோ போதகரிடமோ பேசுங்கள். அன்றாட வேலையையே அது தடுக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கமே வேண்டாம்.

*பெருமை.* மற்றவர்கள் கடவுளை மறந்து ஓடுகிறார்கள், நான் அப்படி இல்லை என்ற எண்ணம் மெல்ல நுழையும். வெளியே தெரிகிற அடையாளங்களை எடுத்துவிடுங்கள், இதைப் பற்றி யாரிடமும் சொல்லாதீர்கள், யாரும் கவனிக்காத ஒரு வேலையை எடுத்துச் செய்யுங்கள்.

*வறட்சி.* மாதக்கணக்கில் எதுவுமே உணரவில்லை. சகோதரர் லாரன்ஸே முதல் பத்து ஆண்டுகள் மிகவும் துன்பப்பட்டதாக எழுதியிருக்கிறார். உணர்ச்சி வற்றிய காலத்தில் செய்ய வேண்டியது முறையை மாற்றுவது அல்ல. ஒப்படைப்பு, இடுக்கு, இரவுக் கணக்கு மூன்றையும் சுருக்கி, ஆனால் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு தூக்கம் போதுமா, உடம்பில் ஏதாவது கோளாறா என்பதையும் பார்த்துவிடுங்கள். களைத்த உடம்பை ஆன்ம வறட்சி என்று நினைத்துப் பலர் தங்களை வருத்திக்கொள்கிறார்கள்.

காலக் கணக்கு

முதல் 3 வாரம் ஒரே வேலை, இரவுக் கணக்கோடு. அடுத்த 3 அல்லது 4 வாரம் மூன்று தூண்டுகோல்கள். அதற்கடுத்த 3 வாரம் இடுக்குகள், நாளுக்கு நான்கு. இதற்குள் எந்த வேலைக்கு எந்த முறை என்பது உங்களுக்கே பிடிபட்டிருக்கும். பிறகு மனிதர்கள். கடைசியாக, முதலில் தள்ளிவைத்த அந்த வெறுக்கும் வேலை. அதைத் தினமும் எடுக்காமல் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் எடுங்கள். உட்காரும் வழிபாட்டு நேரத்தை இதற்காகக் குறைக்கக் கூடாது. அதில் ஊறிய நினைவுதான் பகலில் வேலைக்குள் வருகிறது. ஊற்றை அடைத்துவிட்டு வாய்க்காலில் தண்ணீர் தேட முடியாது.

நோயோ பயணமோ துக்கமோ வந்து எல்லாம் சிதறிப்போகும் காலமும் வரும். அப்போது பழைய அளவுக்கு ஒரே நாளில் திரும்ப முயல வேண்டாம். விட்டுப்போன நாள்களுக்கு ஈடாக எண்ணிக்கையைக் கூட்டவும் வேண்டாம். முதல் வாரத்தில் எடுத்த அதே ஒரு வேலையை, அதே வாக்கியத்தோடு, ஐந்து நாள் செய்யுங்கள். ஆறாவது நாள் ஒரு தூண்டுகோலைச் சேருங்கள். முன்பு 3 வாரம் எடுத்த இடம் இப்போது ஒரு வாரத்தில் வந்துவிடும்.